நூற்றெழுபது பவுண்டுப் படகு

தொபுக்கென்று ஒரு சத்தம். இறால் துறையில் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தபோது, தண்ணீரில் அல்சீத் வெர்ரேயின் தொப்பி மட்டும் மிதந்துகொண்டிருந்தது. அடுத்துத் தலை வந்தது. படகு வரவில்லை.

"என்ன மாப்ளே, வாத்து தண்ணிக்கு மேலதான உக்காரும்? நீ எதுக்கு அடியில போய்த் தேடுற?" என்றான் க்ளோவிஸ். அல்சீத்தின் மனைவி ஓதீலுக்கு அண்ணன் அவன்.

அல்சீத் எழுந்து நின்றான். தண்ணீர் இடுப்பளவுதான்.

"படகு சரியில்ல மச்சான். தகரம் பாரு, ஒரு பக்கமா இழுக்குது."

"போன மாசம் வாங்குனது?"

"அது பிளாஸ்டிக். அது ரெண்டு பக்கமும் இழுத்துச்சு."

துறையே சிரித்தது. க்ளோவிஸ் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு விஷயத்துக்கு வந்தான். "இன்னும் நாலு வாரத்துல வாத்து வேட்டை ஆரம்பம். என் குட்டையில முழங்கால் ஆழம்கூடக் கிடையாது. பெரிய படகு நுழையாது. அவனவன் ஒத்தை ஆள் படகுலதான் வரணும். உனக்காக ஒரு இடம் வெச்சிருக்கேன். நல்ல படகு கிடைக்கலைன்னா சொல்லிடு, பாதிரியார் ஒன்பது வருஷமா கேட்டுக்கிட்டிருக்காரு."

அல்சீத்தும் ஒன்பது வருஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சதுப்பு நிலத்தில் வாத்துகளின் கண்ணில் படாமல் பதுங்கிச் சுடும் க்ளோவிஸின் புல் மறைப்புக்குள் ஓர் இடம் என்றால், தேவாலயத்தில் முன்வரிசையைவிட மேல். அதைப் பாதிரியாருக்கே விட்டுக்கொடுப்பதா?

உண்மையில் எந்தப் படகிலும் கோளாறு இல்லை. ஒவ்வொரு கடைக்காரரும் முதலில் கேட்பது, "உங்க எடை என்ன?" ஒவ்வொரு தடவையும் அல்சீத்தின் வாய், "நூத்தியெழுபது பவுண்டு" என்றது. கல்யாணத்தன்று அது உண்மை. இப்போது இருநூற்று நாற்பது. அவனுக்கு அது பவுண்டு பிசகாமல் தெரியும். ஏனென்றால் துறையில் தராசுக்காரனே அவன்தான். இருபத்திரண்டு வருஷமாக ஊர் இறாலையெல்லாம் நிறுத்துச் சொல்பவன். மாலையில் எல்லோரும் போன பிறகு தானும் தராசில் ஏறி நின்று பார்ப்பான். முள் நிற்கும் இடத்தைப் பார்த்ததும் யாரோ அதட்டியதுபோல் இறங்கிவிடுவான்.

மறுநாள் ஓதீலையும் கூட்டிக்கொண்டு படகுத் தச்சர் ஒனேசிம் வீட்டுக்குப் போனான். சைப்ரஸ் பலகையில் ஒனேசிம் செய்த படகு பனி ஈரத்திலேயே மிதக்கும் என்பார்கள். கிழவர் அளவு நாடா எதையும் எடுக்கவில்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

"எடை எவ்வளவு தம்பி?"

அவர் மனைவி எல்மீர் காப்பிக் கோப்பைகளோடு நின்றாள். பக்கத்து வீட்டுக்காரர் இருவர் வாசலில் இருந்தார்கள். ஓதீல் கூரையைப் பார்த்தாள்.

"நூத்தியெழுபது" என்றான் அல்சீத்.

கிழவர் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு பலகையில் எண்ணை எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் ஓதீல் சொன்னாள், "ஒரு காலை வீட்லயே விட்டுட்டுப் போனாக்கூட நூத்தியெழுபது வராதே."

"படகு வர மூணு வாரம் இருக்குல்ல. குறைச்சுடறேன்."

முதல் வாரம் கம்போ குழம்பு சாப்பிடுவதை நிறுத்தினான். இரண்டு பவுண்டு இறங்கியது. இரண்டாவது வாரம் ரொட்டியை நிறுத்தினான். அந்த ஞாயிறன்று ஓதீலின் அத்தை வீட்டில் பன்றி வறுத்தார்கள். இறங்கிய பவுண்டெல்லாம் திரும்ப ஏறிவிட்டது.

படகு வந்தது. கொக்கின் கழுத்துபோல மெல்லிசாக, பார்க்கவே ஆசையாக இருந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்து வீட்டுக்குப் பின்னால் ஓடையில் இறக்கி மெதுவாக உட்கார்ந்தான். விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. மூச்சை இழுத்துப் பிடித்தால் மூன்று விரல். தும்மல் வந்தது. படகு போயிற்று.

அடுத்த நாள் கனத்த கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினான். அதற்கடுத்த நாள் பூட்ஸ் இல்லாமல். வாத்துகளை ஏமாற்றி அழைக்க மிதக்கவிடும் பொம்மை வாத்துகளை ஒவ்வொன்றாக இறக்கினான். கடைசியில் துப்பாக்கியையும் கரையிலேயே வைத்தான்.

ஓதீல் பின்வாசலில் நின்று கேட்டாள், "வாத்தைத் திட்டியே கொல்லப் போறீங்களா?"

வியாழக்கிழமை மாலை க்ளோவிஸ் நான்கு பேரோடு வந்து நின்றான். "ஒனேசிம் படகாமே. ஏறிக் காட்டு மாப்ளே. துப்பாக்கியோட."

அல்சீத் ஏறிக் காட்டினான். இந்தத் தடவை தொப்பிகூட மிதக்கவில்லை.

கரையில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருக்கலாம். ஆனால் சேற்றிலிருந்து எழுந்த வேகத்தில் வாய் பழக்கப்பட்டதையே சொன்னது. "படகு சரியில்ல மச்சான்."

"ஒனேசிம் படகா?" க்ளோவிஸின் முகம் மாறியது. "ஐம்பது வருஷத்துல அவரு படகு ஒண்ணுகூட முழுகினதில்லையே."

"வயசாயிடுச்சில்ல" என்றான் கூட வந்தவர்களில் ஒருவன். "கை தப்புது போல."

மறுநாள் காலையில் துறை முழுக்க அதே பேச்சு. தராசுக்கு வந்த ஒவ்வொருவரும் கூடையை வைத்துவிட்டு, "கிழவருக்குக் கை போயிடுச்சாமே?" என்றார்கள். இரண்டு பேர் படகு வேண்டாமென்று சொல்லியனுப்பிவிட்டார்களாம். ஒனேசிம் விடிந்ததிலிருந்து பட்டறையில் உட்கார்ந்து, அல்சீத்துக்கு அறுத்த பலகைகளின் மிச்சத்தைத் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருக்கிறாராம். இனி உளியைத் தொடமாட்டேன் என்றாராம்.

மதியத்துக்குள் அல்சீத்தால் முள்ளைப் பார்க்கவே முடியவில்லை. ஓதீல் சாப்பாட்டோடு வந்தவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதைத் தின்னுட்டு அவர்கிட்டப் போறீங்களா, போயிட்டு வந்து திங்கறீங்களா?"

"சொன்னா உங்க அண்ணன் இடத்தைப் பாதிரியாருக்குக் கொடுத்துடுவான்."

"சொல்லலைன்னா?"

அவன் தின்னாமலேயே போனான்.

பட்டறையில் கிழவர் தன் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்மீர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அல்சீத் தொப்பியைக் கழற்றினான். வரும் வழியில் தயார் செய்த முன்னுரையெல்லாம் மறந்துபோயிற்று.

"இருநூத்தி நாப்பது" என்றான். "என் எடை. அன்னிக்குப் பொய் சொன்னேன். படகு நல்ல படகு. துறையில எல்லார்கிட்டயும் நானே சொல்றேன், க்ளோவிஸ்கிட்டயும்."

ஒனேசிம் அவனை நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை. பெரிய மூச்சு ஒன்று விட்டு, விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டினார். பிறகு எழுந்து, அவனைத் தாண்டி, பலகை எடுக்க வெளியே போனார்.

அல்சீத்துக்கு உயிர் வந்தது. "கோவிச்சுக்கலையே அம்மா" என்றான். "இந்த மாதிரி அவர்கிட்ட வேற யாரும் எடையைக் குறைச்சுச் சொன்னதே இல்லையா?"

"எல்லாருமே குறைச்சுத்தான் தம்பி சொல்வாங்க, அதனால யாரு எவ்வளவு சொன்னாலும் அறுபது பவுண்டு கூட்டித்தான் இவரு பலகை அறுப்பாரு, உங்களுக்கும் கூட்டுங்கன்னு நான்தான் சொன்னேன், 'அவரு தராசுக்காரரு, எடையில பொய் சொல்லமாட்டாரு, என் கண்ணுதான் மங்கிப்போச்சு'ன்னுட்டாரு."