நாலாகப் பிரித்தால் நாலு மடங்கு

சர்வர் அறைகளில் ஓர் இனம் வளர்கிறது. பிரிவினைக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். நாட்டைப் பிரிக்கிறவர் இல்லை, பாகப்பிரிவினைக்கு அமீனாவோடு வருகிறவரும் இல்லை. இவர் டிஸ்கைப் பிரிக்கிறவர். ஒரே டிஸ்கில் எழுத வேண்டிய தகவலைத் துண்டு துண்டாக்கி, முதல் துண்டை முதல் டிஸ்கில், அடுத்த துண்டை அடுத்ததில் என்று பந்தியில் பரிமாறுவதுபோல் போட்டுக்கொண்டே போனால், நாலு டிஸ்கும் சேர்ந்து உழைக்கும், வேலை சீக்கிரம் முடியும் என்பது இவருடைய வேதம். வேதத்தில் பிழை இல்லை. ஓதுகிறவரிடம்தான் சங்கதி இருக்கிறது.

பிஷ்கெக் நகரத்தில் சத்தார்குல் என்றொருவர் இருந்தார். இசிக்குல் ஏரிக்கரை விடுதிகளுக்கு இணையத்தில் அறை பதிவுசெய்து தரும் கம்பெனி ஒன்றில் சர்வர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். கோடைப் பதிவு ஜூன் முதல் தேதி காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். போன வருடம் திறந்த வேகத்தில் படுத்துவிட்டது. இந்த வருடமும் படுத்தால், உங்கள் பிரிவையே இழுத்து மூடிவிட்டு வேலையை வெளியாளிடம் கொடுத்துவிடுவேன் என்று இயக்குநர் ஜூரா எஜே, அந்த ஊர் வழக்கில் ஜூரா அக்கா, சிரித்த முகமாகவே சொல்லியிருந்தார். பிரிவில் ஆறு பேர். ஆறு பேருக்கும் வீடு இருந்தது, வீட்டில் சாப்பிடுகிற வாய்கள் இருந்தன.

சத்தார்குல் அசரவில்லை. நாற்பத்தெட்டு டிஸ்கை ஆறு ஆறாகக் குழு சேர்த்து அடுக்கிய ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து நாலு பங்கு வேண்டும் என்று கேட்டார். எங்கிருந்து என்று சொன்னாரா? மாட்டாரே! பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பது பெரிய மனிதர்களுக்கு அழகில்லை என்பது இந்த இனத்தின் முதல் விதி. பெட்டி இடம் இருந்த மூலையாகப் பார்த்து நாலு பங்கை ஒதுக்கியது. அவர் நாலின் மேலும் பட்டை பட்டையாகத் தகவல் பரவும்படி ஒரே பெரிய டிஸ்க் போல, ஒரே வால்யூமாகக் கட்டினார். கட்டியதும் பரீட்சை. பரீட்சை என்றால், சுண்டுவிரல் அளவு கோப்பு ஒன்றைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்ப்பது. அந்தக் கோப்பு பெட்டியின் நினைவகத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கும், டிஸ்குக்கு அப்படி ஒரு பரீட்சை நடப்பதே தெரியாது. வேகத்தைக் காட்டும் எண் மட்டும் எகிறும். எகிறிய எண்ணை வண்ணத்தில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, போர்சோக் என்கிற பொரித்த மாவுத் துண்டை ஜாமில் தோய்த்துக் கடித்தபடி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நாலாகப் பிரித்தால் நாலு மடங்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸ்டோரேஜ் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் புருல்கான் அந்தத் தாளை ஒரு நிமிஷம் பார்த்தாள். இந்த நாலு பங்கும் ஒரே ஆறு டிஸ்க் குழுவிலிருந்து வெட்டியவை என்று அவளுக்குத் தெரியும். வெளியே பார்த்தால் நாலு. உள்ளே ஓடுகிற கால்கள் அதே கால்கள். கூட்டம் சேர்ந்தால் அந்த ஆறும் நாலு மூலைக்கும் மாறி மாறி ஓடியே மூச்சு வாங்கிவிடும். இரண்டு மணி நேரம் கொடுங்கள், நாலையும் வேறு வேறு குழுவிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்றாள்.

“ஸ்கிரீன்ல எத்தனை காட்டுது, புருல்கான்?”

“நாலு, பைகே.” பைகே என்றால் அங்கே அண்ணன்.

“அப்பறம் என்ன?”

“தந்தூர் அடுப்பு ஒண்ணுதான் பைகே இருக்கு. வாசல்ல நாலு வரிசை நிக்க வெச்சா சம்சா சீக்கிரம் வெந்துடுமா?”

அவருக்குச் சுருக்கென்று குத்தியது. ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, இவள் சொல்வது சரியாக இருக்குமோ என்றுகூடத் தோன்றியது. ஆனால் தாள் சுவரில் ஒட்டியாகிவிட்டது, ஜூரா எஜேயும் பார்த்துத் தலையாட்டியாகிவிட்டது. ஒட்டியதை எப்படி உரிப்பது?

ஜூன் முதல் தேதி. ஒன்பது மணிக்குப் பதிவு திறந்தது. ஒன்பது நாலுக்குத் திணறியது. ஒன்பது பத்துக்கு ஓஷ் நகரத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டு, குழந்தை குட்டிகளோடு திரையில் சுற்றுகிற வட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம், இதுதான் இந்த வருடச் சுற்றுலாவா என்று கேட்டார். சத்தார்குல் முதலில் நெட்வொர்க்கைத் திட்டினார். பிறகு நிரல் எழுதியவர்களைத் திட்டினார். கடைசியில், எல்லாரும் ஒரே நேரத்தில் வந்தால் என்னதான் செய்வது என்று ஜனங்களையே திட்டினார். அப்புறம் இந்த இனம் கடைசியாகப் போய்ச் சேரும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். இன்னும் நாலு பங்கு கொடு, எட்டாகப் பிரித்துவிடலாம்!

புருல்கான் அவரிடம் வாதாடவில்லை. நேராக ஜூரா எஜேயிடம் போய், பன்னிரண்டு மணிவரை பதிவை மூடி வைக்கக் கேட்டாள். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு மூடினார். அவள் ஒவ்வொரு பங்காக எடுத்து, நாலையும் நாலு தனிக் குழுக்களுக்கு மாற்றினாள். பன்னிரண்டுக்குத் திறந்தார்கள். கூட்டம் வெள்ளமாக வந்தது, வந்ததெல்லாம் தேங்காமல் ஓடியது. மூன்று மணிக்குள் வடகரை விடுதிகள் நிரம்பிவிட்டன.

நாலு மணிக்குக் கூட்டம் போட்டு, எப்படிச் சரியாயிற்று என்று ஜூரா எஜே கேட்டார். சத்தார்குல் அதற்குள் பெட்டியின் பதிவேட்டைப் பார்த்திருந்தார். யார் செய்தது, எத்தனை மணிக்குச் செய்தது, எல்லாம் அவருக்குத் தெரியும். சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தார், பாவம். வாய் திறந்தபோது வந்தது, “நான்தான் அன்னைக்கே சொன்னேனே, நாலாப் பிரிச்சா நாலு மடங்குன்னு.”

ஆறு பேர் வேலை தப்பியது, அது போதும் என்று இருந்தாள் புருல்கான்.

அதோடு உட்கார்ந்திருக்கலாம். இந்த இனம் உட்காராதே. இனி இப்படி நடக்காமல் இருக்க வேலையையே முறையாகப் பிரித்துவிட்டேன் என்று பலகையில் நாலு கட்டம் போட்டார். ஸ்டோரேஜ், காப்புப் பிரதி, கண்காணிப்பு, அவசர அழைப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் பொறுப்பாளர் பெயர் எழுதினார். புருல்கான். புருல்கான். புருல்கான். புருல்கான்.

“பைகே,” என்றாள் அவள், “கட்டம் நாலு. ஓடுற ஆளு ஒண்ணு.”

ஜூரா எஜே எழுந்து போய்ச் சாக்குக்கட்டியை சத்தார்குல் கையிலிருந்து வாங்கி, மூன்று பெயர்களை அழித்தார். அழித்த இடம் மூன்றிலும் சத்தார்குல் என்று எழுதினார்.

சிரிக்கிறீர்கள். உங்களுக்கு டிஸ்கும் கிடையாது, ஸ்டோரேஜ் பெட்டியும் கிடையாது. நல்லது. சமையல், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பெரியவருக்கு மருந்து, சாயங்காலம் வரும் விருந்தாளி என்று உங்கள் வீட்டிலும் வேலையை நாலாகப் பிரித்துத்தான் வைத்திருப்பீர்கள், எல்லாம் தானாக நடக்கிறது என்று நாலு பேரிடம் சொல்லியும் இருப்பீர்கள். எதற்கும் ஒருமுறை எழுந்து போய், நாலுக்கும் அடியில் ஓடுவது யாருடைய கால் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.