அனைத்துண்ணி

பிண்டத்தைச் சுற்றிப் புறாக்கள். காக்கை ஒன்றுகூட இல்லை.

வைத்தீஸ்வரன் ஈர வேட்டியோடு கைதட்டினான். புறாக்கள் எழுந்து, மும்பை செம்பூர் வானத்தில் ஒரு வட்டம் அடித்து, மறுபடி அதே மொட்டைமாடிச் சுவரில் வந்து உட்கார்ந்தன.

"கா... கா..." என்று கூப்பிட்டான். சயானில் ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குச் சுற்றுச்சூழல் பாடம் எடுக்கிற குரல். அந்தக் குரலுக்கு மாணவர்களே வருவதில்லை.

மனைவி ஸ்ரீலேகாவின் முதல் வருஷத் திதி. சாஸ்திரிகள் சாப்பிட்டாகிவிட்டது. மாதுங்காவில் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே நிழலில் உட்கார்ந்திருந்தார். காக்கை வாய் வைக்காமல் வீட்டார் சாப்பிடக் கூடாது. மாமியார் கோமதியம்மாளுக்குச் சர்க்கரை வியாதி. சாப்பாட்டோடு போட வேண்டிய மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மாப்ளே, வடை வெச்சேளா?"

"வெச்சேன்மா."

"பால் பாயசம்?"

"அதுவும்தான். அவளுக்குப் பிடிச்சதெல்லாம் வெச்சாச்சு."

"அப்புறம் ஏன் வரமாட்டேங்கறா?"

கோமதியம்மாள் காக்கையைச் சொல்லவில்லை.

"போட்டிம்மா," என்றான் வைத்தி. "ஒரே சாப்பாட்டுக்கு ரெண்டு இனம் வந்தா, கூட்டம் ஜாஸ்தியா இருக்கறதுதான் ஜெயிக்கும். புறாவைக் குறைக்கணும்."

"எப்படிடா குறைப்பே?" என்றார் சாஸ்திரிகள்.

"இரைகொல்லி ஒண்ணைக் கொண்டு வரணும்."

இரண்டாம் மாடி ஷரீஃபுன்னிசாவிடம் ஒரு பூனை இருந்தது. போய்க் கதவைத் தட்டினான்.

"என்ன தம்பி, திதியும் அதுவுமா பூனையவா கேக்கிய?"

"பத்து நிமிஷம்தான் அக்கா. புறாவ விரட்டணும்."

"அரே, அது எலியவே விரட்டாது. சரி, தூக்கிட்டுப் போங்க."

பூனையைக் கண்டதும் புறாக்கள் பறந்தன. தன் பாடம் ஒன்று வெளியுலகில் வேலை செய்வதை வைத்தி அன்றுதான் பார்த்தான். மறுநிமிடம் எங்கிருந்தோ காக்கைகள் வந்து தண்ணீர்த் தொட்டியிலும் கேபிள் கம்பிகளிலும் நிறைந்து கத்தத் தொடங்கின.

"வந்துட்டா!" கோமதியம்மாள் கைகூப்பினாள்.

"சாப்பிட வரலம்மா. பூனையைத் திட்ட வந்திருக்கு."

பூனை திட்டுகளைச் சட்டை செய்யவில்லை. நெய் வாசனை பிடித்துப் போய், பிண்டத்தை நிதானமாகத் தின்றது.

சாஸ்திரிகள் எழுந்தேவிட்டார். "மார்ஜாரம் சாப்பிட்டா என்ன பலன்னு எந்த சாஸ்திரத்துலயும் இல்லையேடா!"

"காக்கா சாப்பிட்டதா வெச்சுக்கலாமா?"

"நீ வேணா வெச்சுக்கோ. காக்கா பாத்துண்டிருக்கே."

புதுப் பிண்டம் பிடித்தார்கள். பூனையை லிஃப்ட் அறையில் அடைத்தான். அது உள்ளேயிருந்து அலற, காக்கைகள் கீழே இறங்கத் தயங்கின. புறாக்கள் தயங்கவில்லை.

"புறாவுக்குத் தனியா தீனி போட்டுடலாம்," என்றான் வைத்தி. "அந்த மூலை அதுக்கு, இந்த மூலை காக்காக்கு. பங்கு பிரிச்சுட்டா போட்டியே இல்லை."

கீழ்க்கடையில் ஒரு பை சோளம் வாங்கி வந்து எதிர்மூலையில் கொட்டினான். உணவு பெருகினால் எண்ணிக்கை பெருகும் என்று வருடந்தோறும் கரும்பலகையில் எழுதுகிறவன் அவன். கொஞ்ச நேரத்தில் செம்பூரின் புறாக்கள் அத்தனையும் அந்த மாடிக்குக் குடிவந்துவிட்டன. காக்கைகள் பக்கத்துக் கட்டடத்துக்கு மாறின. தீனி போடுவது யாரென்று குடியிருப்புச் சொசைட்டி செக்ரட்டரி கீழேயிருந்து இந்தியில் கத்தினார். சாஸ்திரிகளின் குடுமியில் எச்சம் விழுந்தது. இனி ஸ்நானம் பண்ணாமல் யார் வீட்டுக்கும் போக முடியாது என்று அவர் கிளம்பிப் போனார்.

கோமதியம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, மாத்திரையைப் போட்டுண்டு ரெண்டு வாய் சாப்பிடுங்கோ."

"அவ சாப்பிடாம நான் சாப்பிடமாட்டேன். நெஜத்தைச் சொல்லுங்கோ மாப்ளே. என் பொண்ணுக்கு என்ன குறை வெச்சேள்?"

வைத்தி ஒரு வருடமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான். கேட்டால் சொல்கிறவள் இல்லை ஸ்ரீலேகா. அவனும் கேட்கிறவன் இல்லை.

"தெரியலம்மா," என்றான்.

பூனையின் அலறல் கேட்டு மேலே வந்த ஷரீஃபுன்னிசா, படிவாசலில் நின்று இதையெல்லாம் பார்த்தாள். இறங்கிப் போனாள். திரும்பி வந்தபோது துப்பட்டாவுக்குள் ஒரு கிண்ணம். கோமதியம்மாள் முகத்தைப் புடவையில் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். ஷரீஃபுன்னிசா சத்தமில்லாமல் சுவரோரம் போய், பிண்டத்திலிருந்து கொஞ்சம் தள்ளிக் கிண்ணத்தைக் கவிழ்த்தாள்.

பொரித்த நெத்திலி.

புறாக்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஒரு காக்கை நேராக வந்து இறங்கியது. மீனை முழுக்க முடித்தது. பிறகு, கடைசியில் மோர்சாதத்துக்கு வருகிறவரைப் போல, பிண்டத்துக்கு வந்தது.

கோமதியம்மாள் நிமிர்ந்தபோது காக்கை பிண்டத்தில்தான் இருந்தது.

"சாப்ட்டா! என் கொழந்தை சாப்ட்டுட்டா!" மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு இலை போடப் படியிறங்கினாள்.

வைத்தி காலிக் கிண்ணத்தைப் பார்த்தான்.

"காக்கா அனைத்துண்ணின்னு பரீட்சைல கேள்வி கேக்கறவன் நான். அதுக்கு மீன் பிடிக்கும்னு உங்களுக்குத்தானே அக்கா தோணித்து!"

ஷரீஃபுன்னிசா லிஃப்ட் அறையைத் திறந்து பூனையைத் தூக்கிக்கொண்டாள்.

"காக்காவப் பத்தி எனக்கு என்ன தம்பி தெரியும்? அந்தப் புள்ள ஸ்ரீலேகா வெள்ளிக்கிழம தவிர தெனமும் நம்ம அடுப்படியில நின்னுக்கிட்டே மீன் தின்னுட்டுப் போவா, அதான் கொண்டாந்தேன்."