மாமனார் ஓட்டிய நாற்காலி

ஏழு நாளும் படுத்தே கழிப்பது என்று லிஃப்ட்காரர் தீர்மானித்துவிட்டார். திடீரென்று எடுத்த முடிவு அல்ல. ஒன்பது வருஷமாக மனசுக்குள் ஊறிக் கிடந்த முடிவு.

அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். மற்றவர்களுக்கு வாழ்க்கையில் ஏற்ற இறக்கம் உண்டு. அவருக்கு ஏற்ற இறக்கம்தான் வாழ்க்கை. எந்தக் கட்டடத்தில் எந்த இரண்டு மாடிக்கு நடுவே யார் மாட்டிக்கொண்டாலும் போன் அவருக்குத்தான் வரும். சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் வரும். தலை நிறைய ஷாம்பு நுரை இருந்தாலும் வரும். கடைசியாக ஒரு மதியம் முழுசாகத் தூங்கியது எப்போது என்று கேட்டால், இரட்டைப் பெண்கள் பிறப்பதற்கு முன்பு என்பார். பெண்களுக்கு இப்போது ஒன்பது வயது.

அப்படிப்பட்டவருக்கு ஒரு வாரம் ஓய்வு கிடைத்தது மனைவியின் புண்ணியத்தால். அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள். அந்த வருஷம் எல்லாக் கிளைகளிலும் சேர்த்து அவள்தான் சிறந்த ஊழியர் என்று முடிவு செய்து, ஒரு பெரிய கேளிக்கைப் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் ரிசார்ட்டில் குடும்பத்தோடு ஏழு நாள் தங்கக் கடைக்காரர்கள் ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். குடும்பம் என்றால் ஐந்து பேர். கணவன், மனைவி, இரட்டையர், பிறகு மாமனார்.

மாமனார் முப்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மூன்று மாதத்துக்கு முன்பு வலது முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. மனிதர்தான் நடக்க மாட்டேன் என்றுவிட்டார். தினமும் எதையாவது பிடித்துக்கொண்டு நடக்காவிட்டால் முட்டி இறுகிப்போகும், திரும்பவும் ஆபரேஷன் மேஜையில் படுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் எச்சரித்தார். கைத்தடி வாங்கிக் கொடுத்தார்கள். அதில் துண்டைக் காயப் போட்டார். நாலு கால் வைத்த நடைச்சட்டம் வாங்கிக் கொடுத்தார்கள்.

"எனக்கு ரெண்டு காலு. இதுக்கு நாலு காலு. இதுவே நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டுக்கொண்டார்.

மகளுக்கு அந்த மூன்று மாதமும் அதே கவலைதான். அப்பாவைக் கெஞ்சினாள், மிரட்டினாள், ஒரு நாள் அழவும் செய்தாள். அவர் சேனலை மாற்றினார்.

ரிசார்ட்டில் கொடுத்த அறை தரைத்தளத்தில் இருந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளினால் புல்வெளி. அதைத் தாண்டினால் நீச்சல் குளம். குளத்தைச் சுற்றிலும் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு குடை, குடைக்கு அடியில் குளுகுளு நிழல். பார்த்த மாத்திரத்தில் லிஃப்ட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

குளத்துக்குப் பின்னால் வானத்தை முட்டிக்கொண்டு நின்றது ரோலர் கோஸ்டர். இரட்டையர் அதைப் பார்த்துவிட்டார்கள். அவர்கள் எப்போதும் ஒரே பேச்சை இரண்டாகப் பிய்த்துப் பேசுகிறவர்கள்.

"அப்பா, நாளைக்கு முதல்ல அதுதான்."

"ஏழு நாளும் அதுதான்."

"நீங்க நடுவுல உட்காரணும்."

"நாங்க ரெண்டு பக்கமும் பிடிச்சுக்குவோம்."

லிஃப்ட்காரருக்கு அதில் ஏறப் பயம். உயரம் அவருக்குப் பழகியதுதான். இருபது மாடிக் கட்டடத்தில், லிஃப்ட் கூண்டுக்கு மேலே நின்று வேலை பார்க்கிறவர். பயம் வேறு விதம். மற்றவர் கண்ணுக்கு அது சவாரி. அவர் கண்ணுக்கு அது நாலாயிரம் போல்ட். அந்த நாலாயிரத்தையும் முறுக்கியவன் முந்தின நாள் நன்றாகத் தூங்கினானா என்பது யாருக்குத் தெரியும்?

மறுநாள் காலை, ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

"என்னங்க ஆச்சு?" என்றாள் மனைவி.

"பிடிச்சுக்கிச்சு."

"எது?"

"இடுப்பு. வேற என்ன பிடிக்கும்?"

"எனக்கு உங்களைப் பிடிச்சுது. அதை விட்டுடுவோம். எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"ரொம்ப வலிக்குதா?"

"சொல்ல முடியல. நீங்க எல்லாரும் கிளம்புங்க. என்னால உங்க சந்தோஷம் கெடக் கூடாது. நான் அந்தக் குளத்துப் பக்கம் ஒரு ஓரமா கிடக்கிறேன்."

இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. தன் தியாகத்தைக் கேட்டுத் தானே உருகிப்போனார். மனைவி ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். பிறகு, "சரிங்க, படுத்திருங்க" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளோடு வெளியே போனாள். மாமனார் வழக்கம்போல அறை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

லிஃப்ட்காரர் குடைக்கு அடியில் போய்ச் சாய்ந்தார். தினமும் நாற்பது பேர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கிறவள் அவர் மனைவி. அவள் கண்ணிலேயே மண்ணைத் தூவியாயிற்று. கண்ணை மூடினார். அந்தச் சுகம் சரியாகப் பதினோரு நிமிஷம் நீடித்தது.

சக்கரச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தார். எதிரே மனைவி, கையில் ஒரு சக்கர நாற்காலி.

"முதலுதவி அறையில கொடுத்தாங்க. வரிசையா பத்து சும்மா கிடக்குது."

"எனக்கு எதுக்கு இது? நான் பாட்டுக்குப் படுத்து..."

"உங்களை இங்க தனியா போட்டுட்டு நாங்க மட்டும் சிரிச்சுட்டு வரணுமா? நான் அவ்வளவு கல்நெஞ்சக்காரியா?"

"அப்படிச் சொல்லல."

"அப்ப உட்காருங்க."

கல்நெஞ்சக்காரியா என்ற கேள்விக்கு இதுவரைக்கும் எந்தக் கணவனும் சரியான பதில் சொன்னதில்லை. உட்கார்ந்தார்.

மனைவி தள்ளினாள். நாற்காலி புல்வெளியைத் தாண்டி நேராகப் போய் அறை வாசலுக்குப் பக்கத்தில் இருந்த பூந்தொட்டியில் மோதியது. பின்னால் இழுத்துத் திரும்பத் தள்ளினாள். அதே தொட்டி. மூன்றாம் தடவை தொட்டி தப்பித்தது, பக்கத்துக் கம்பம் மாட்டிக்கொண்டது. வாசலில் உட்கார்ந்திருந்த மாமனாருக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா பண்றே?"

"போகுதுப்பா. திரும்பத்தான் மாட்டேங்குது."

"முன்சக்கரம் கோணலா நிக்குது, அதைப் பார்க்காம தள்ளுனா? ஒரு முழம் ரிவர்ஸ் எடு. அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம். உள்ளே ஆள் உட்கார்ந்திருக்குங்கற நினைப்பு இருக்கா உனக்கு?"

நாலாவது தடவையும் கம்பம்.

"நகரு" என்றார் மாமனார்.

மூன்று மாதமாகக் குளியலறையைத் தாண்டி எங்கும் நடக்காத மனிதர் எழுந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஆறு எட்டு வைத்தார். நாற்காலியின் கைப்பிடிகளைப் பிடித்துக் குலுக்கிப் பார்த்தார். பிரேக்கைப் போட்டு எடுத்தார்.

"கொஞ்சம் இடது பக்கம் இழுக்குது. பார்த்துக்கலாம். மாப்ள, கையை வெளியே நீட்டாதீங்க."

வண்டி கிளம்பியது.

முதல் நாள் நீரூற்று வரைக்கும் போனார்கள். நூறு அடி இருக்கும். அங்கே நிறுத்தி, பிரேக் போட்டு, மாமனார் பெஞ்சில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டார். இரண்டாம் நாள் ராட்டினம் வரைக்கும். மூன்றாம் நாள் படகுத்துறை வரைக்கும். எதிரில் கூட்டம் வந்தால் "ஓரம், ஓரம்" என்று குரல் கொடுப்பார். வளைவில் வேகத்தைக் குறைப்பார். இடது பக்கத்தை விட்டு ஒரு அங்குலம் நகர மாட்டார். ஒரு தடவை லிஃப்ட்காரர் பயத்தில் காலைத் தரையில் ஊன்றிவிட்டார்.

"மாப்ள, ஓடுற வண்டியில காலைத் தொங்கப் போடக் கூடாது. எத்தனை பேரைப் பார்த்திருக்கேன் தெரியுமா?"

லிஃப்ட்காரர் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. ஒவ்வொரு சவாரிக்கும் இரட்டையரும் மனைவியும் ஓடுவார்கள். அவர்களுடைய பைகள், தொப்பிகள், ஈரத் துண்டுகள், பாதி தின்ற ஐஸ்கிரீம் எல்லாம் அவர் மடியில் வந்து சேரும். ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரை வழியும். மூக்கு வெயிலில் சிவந்து உரிந்தது. பாத்ரூம் போக வேண்டுமென்றால் டிரைவர் வண்டியை ஓரம் கட்டும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். அடுத்த ஸ்டாப்பில்தான் நிற்கும் என்பார். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்ததில் இடுப்பு நிஜமாகவே வலிக்க ஆரம்பித்தது. அதை யாரிடம் சொல்வது? ஏற்கெனவே சொல்லியாயிற்றே.

ஆனாலும் ஒன்றை அவர் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த உட்காரலில் நிறையப் பார்க்க முடிந்தது. இரட்டையரில் ஒருத்திக்கு இருட்டுக் குகைச் சவாரி என்றால் பயம், இன்னொருத்தி அவளுக்கு முன்னால் போய்க் கையைப் பிடித்து இழுத்துப் போகிறாள் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. மனைவி ரோலர் கோஸ்டரிலிருந்து இறங்கி வந்தாள், கொண்டை அவிழ்ந்து முகமெல்லாம் முடி, நடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. போன் வருகிற வீட்டில் அதற்கெல்லாம் நேரம் ஏது?

நாலாம் நாள் காலை எழுந்திருப்பது என்று முடிவு செய்தார். இதற்கு ரோலர் கோஸ்டரே தேவலை.

"வலி போயிடுச்சு" என்றார்.

"இருக்காது" என்றாள் மனைவி.

"எனக்குத் தெரியாதா?"

"போன மாதிரி இருக்கும், திடீர்னு வந்துடும். இன்னைக்கு ஒரு நாள் பார்ப்போம்."

அன்றைக்கு ஏரியைச் சுற்றிப் போகும் பாதையில் ஒரு இறக்கம் வந்தது. நடுவழியில் நாற்காலி வேகமெடுத்தது. லிஃப்ட்காரர் எழுந்து குதிக்கத் தயாரானார். குதிக்கவில்லை. பின்னால் மாமனார் இரண்டு காலையும் அகட்டி, ஆபரேஷன் செய்த முட்டியை நன்றாக மடக்கி ஊன்றி, முழு பலத்தோடு வண்டியை இழுத்து நிறுத்தினார். மூச்சு வாங்கியது. முகத்தில் மட்டும் பதினெட்டு வயசுக் களை.

"பயந்துட்டீங்களா மாப்ள?"

"இல்ல மாமா. நீங்க இருக்கீங்கல்ல."

மாமனார் பிரேக்கைப் போட்டார்.

"மூணு மாசமா எல்லாரும் என்னையப் பிடிச்சுக்கிட்டாங்க. எழுந்தா பிடிக்கிறாங்க, உட்கார்ந்தா பிடிக்கிறாங்க. எத்தனை ஆயிரம் பேரை ஏத்திக்கிட்டுப் போனவன் நான். இப்பத்தான் மறுபடி ஒரு ஆளை நம்பி என் கையில கொடுத்திருக்காங்க. உங்களுக்கு வலிக்குதேன்னு கஷ்டமாத்தான் இருக்கு. இருந்தாலும் சொல்றேன், நல்ல நேரத்துலதான் உங்களுக்கு இடுப்பு பிடிச்சுது."

லிஃப்ட்காரர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் எழுந்திருப்பது பற்றிப் பேசவே இல்லை. மனைவி கேட்கும் முன்பே தினமும் காலையில் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். வலிக்கிறதா என்று மாமனார் கேட்கும்போதெல்லாம் முகத்தைச் சுளித்தார். ஐந்தாம் நாள் ஏரியை ஒரு சுற்று. ஆறாம் நாள் இரண்டு சுற்று. ஊருக்குத் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்கிறோம் என்று அவருக்கு உள்ளூர நிறைவாக இருந்தது. மனைவிக்குக்கூடத் தெரியாது என்பதில் கூடுதல் நிறைவு.

ஏழாம் நாள் முதலுதவி அறையில் நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மாமனார் கைப்பிடியை ஒரு தடவை தட்டிக் கொடுத்தார். வெளியே வேன் நின்றிருந்தது, அறுபது எட்டு இருக்கும். மகள் தோளைக் கொடுக்கப் போனாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு வெறுங்கையோடு நடந்தார். மெதுவாகத்தான் நடந்தார். ஆனால் நடந்தார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

வேன் நகர்ந்ததும் முன் சீட்டில் மாமனார் டிரைவருக்குப் பாதை சொல்ல ஆரம்பித்தார். நடு சீட்டில் இரட்டையர் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து தூங்கினார்கள். பின் சீட்டில் லிஃப்ட்காரர் மெல்லக் கனைத்தார்.

"உன்கிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும்."

"சொல்லுங்க."

"எனக்கு இடுப்பு பிடிக்கவே இல்ல."

"ம்."

"முதல்ல தூங்கறதுக்குத்தான் நடிச்சேன். தப்புதான். ஆனா நாலாவது நாள்லேருந்து மாமாவுக்காகத்தான் உட்கார்ந்தேன்."

"ம்."

"என்ன, ம் மட்டும் போடறே?"

"காலையில இடது பக்கம்னீங்க. சாயந்திரம் வலது பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்தீங்க. மறுநாள் நடுவுல பிடிச்சீங்க."

லிஃப்ட்காரர் அவள் பக்கம் திரும்பினார்.

"தெரிஞ்சும் ஏன் கேட்கல?"

"கேட்டிருந்தா நீங்க எழுந்திருப்பீங்க. அப்பா உட்கார்ந்திருப்பார்."

"அப்ப அந்தப் பூந்தொட்டி, கம்பம் எல்லாம்?"

"ஒருத்தர் மோசமா வண்டி ஓட்டினா அப்பாவால பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியாதுங்க. நாற்காலிக்கு நான் மூணு வாரம் முன்னாடியே போன் பண்ணிச் சொல்லி வச்சிட்டேன். கைத்தடி கொடுத்தா அவருக்கு அவமானம். வண்டி கொடுத்தா ஓட்டுவார். ஆனா காலி வண்டின்னா சாஞ்சு பிடிக்கும்போது கவிழ்ந்துடும், உள்ள பாரம் இருக்கணும். அதுக்கு என்ன பண்றதுன்னு யோசிச்சுட்டே வந்தேன். மறுநாள் காலையில நீங்களா குனிஞ்சு நின்னீங்க."

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கண் இன்னும் கொஞ்சம் ஈரமாகத்தான் இருந்தது.

"விளையாட்டுக்குச் சொல்லலங்க. நீங்க தெரிஞ்சே உட்கார்ந்தீங்களே, அந்த மூணு நாளை நான் என்னைக்கும் மறக்க மாட்டேன். அப்பா நடந்துட்டார்."

லிஃப்ட்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒன்பது வருஷத் தூக்கம் போனால் போகட்டும். நல்ல மனைவி, நல்ல பிள்ளைகள், பாதை சொல்லும் மாமனார். இந்த ஒரு வாரத்தில் போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதையும் அவள்தான் அணைத்து வைத்திருக்க வேண்டும். இன்னும் ஒரு வார்த்தை கேட்டு வாங்கிக்கொள்ளும் ஆசையில் கேட்டார்:

"நான் மட்டும் உட்காரலைன்னா என்னதான் பண்ணியிருப்பே?"

மனைவிக்கு இனி நடிக்க வேண்டிய அவசியம் இல்லை. கொஞ்சம் யோசித்தாள்.

"நம்ம பெரிய சூட்கேஸை வைக்கலாம்னு இருந்தேங்க."