தூக்குக்குக் கை தட்டிய தங்கப்பன்

மார்த்தாண்டம்,
சனிக்கிழமை காலை.

கர்த்தருக்குள் பிரியமான சத்தியபாய் அக்காவுக்கு, தம்பி ஜான்ரோஸ் தோத்திரம் சொல்லி எழுதுவது. உங்கள் முட்டுவலி குறைந்திருக்கும், மருமகளோடு சமாதானமாக இருப்பீர்கள் என்று ஜெபத்தோடு நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம், என் தொண்டையைத் தவிர. கொலைகாரன் ஒருவன் என் கழுத்தை நெரித்தான் என்று என் வீட்டுக்காரி ஓமனா குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டதைப் பார்த்து நீங்கள் பன்னிரண்டு முறை கூப்பிட்டீர்களாம். எனக்குப் பேச்சு வராததால் காகிதத்தை எடுத்தேன். நடந்தது வேறு.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு சபையில் பட்டிமன்றம். மரண தண்டனை கிறிஸ்தவனுக்கு ஏற்புடையதா என்பது தலைப்பு. ஏற்புடையதே என்று நான். தாலுகா ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் ஃபைல் பார்த்தவனுக்கு இது பெரிய காரியமா? அரசாங்கத்தின் கையில் ஆண்டவர் வாளைக் கொடுத்தது காய்கறி நறுக்கவா என்று கேட்டேன். கொலையுண்டவனின் ரத்தம் மண்ணிலிருந்து கூப்பிடுகிறதே, அதற்கு யார் பதில் சொல்வது என்று மேசையைத் தட்டினேன், தம்ளர் கவிழ்ந்தது. எதிரணியில் நம் ஸ்டெனியின் மகள் ஜெஸ்பின், போன வருஷம்தான் வக்கீலானவள். எழுந்து ஒன்றே ஒன்று கேட்டாள். “நம்ம ஆண்டவருக்கே தப்பாட்டு விதிச்ச தண்டனை இது. அவரு மூணாம் நாளு எழும்பிட்டாரு. நீங்க தப்பாத் தூக்கில போடுத ஆளு எழும்பி வருவாரா மாமா?” சபையே சிரித்தது. போதகர் சிரித்தார். ஓமனாவும் சிரித்தாள், அதை நான் குறித்து வைத்திருக்கிறேன். எனக்காகக் கை தட்டியது ஒரே ஒரு ஆள், கடைசி வரிசையில் தங்கப்பன். கோயிலில் மணியடிக்கவும் மைக் கட்டவும் போதகர் இரண்டு மாதம் முன்பு கூட்டிவந்து வைத்த மனுஷன். அப்படிக் கை தட்டினார், கண்ணில் தண்ணீர் வரும் வரை.

நல்ல பேச்சை அறிந்த ஒருவராவது இருக்கிறாரே என்று அடுத்த ஞாயிறு அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். மரச்சீனிக் கிழங்கும் அயிலை மீன் குழம்பும். நான் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தேன். அவர் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டார்.

“சாரு சொன்னது சரிதான். எனக்கும் கோர்ட்டில அதுதான் சொன்னாவ.”

“என்ன சொன்னாவ?”

“தூக்கு.”

என் கையிலிருந்த கவளம் வாய்க்குப் போய்விட்டது, முள்ளோடு. அவர் நிதானமாகச் சொன்னார். வரப்புத் தகராறில் சொந்த அண்ணனை வெட்டினாராம். மேல்கோர்ட்டில் ஆயுளாகக் குறைத்தார்களாம். பதினெட்டு வருஷம் பாளையங்கோட்டை.

“பின்ன எதுக்கு ஓய் கை தட்டினீரு?” என்றேன்.

“ஜெயிலுக்கு ஜெபம் பண்ண வந்தவிய எல்லாரும் ஆண்டவரு உன்னை மன்னிச்சாச்சு, மன்னிச்சாச்சுன்னு சொன்னாவ சாரே. அண்ணன்கிட்ட ஆரும் கேக்கல்ல. அவனுக்க பக்கம் நின்னு பேசுன ஒரே ஆளு நீங்கதான்.”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். முள் இறங்கிக் குறுக்கே நின்றது. மூச்சு இல்லை. தங்கப்பன் பாய்ந்து வந்து பின்னாலிருந்து என்னைக் கட்டிப் பிடித்து, வயிற்றில் கையைக் கோத்து இறுக்கினார். அடுக்களையிலிருந்து தூக்கு, அண்ணன், வெட்டு என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஓமனா எட்டிப் பார்த்தாள். “ஐயோ, எனக்க மாப்பிளையக் கொல்லுதானே!” என்று அலறி, குழம்பு அகப்பையால் அவர் தலையில் போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. அந்த மனுஷன் பிடியை விடவில்லை. நாலாவது அடிக்கு முள்ளும் கவளமும் வெளியே வந்து அவள் சேலையில் விழுந்தன. தொண்டை கிழிந்து, ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் பேசக் கூடாது என்றார்கள்.

ஆனால் ஓமனாவின் அலறல் தெரு தாண்டிப் போய்விட்டது. சபைக் கமிட்டி அவசரமாகக் கூடியது, திங்கள் சாயங்காலம். இப்படிப்பட்ட ஆளைக் கோயிலில் வைக்கலாமா? மூன்று பேர் போகட்டும் என்றார்கள், மூன்று பேர் இருக்கட்டும் என்றார்கள். ஏழாவது ஆள் நான். நான் என்ன சொல்வேன் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, செயலாளர் தீர்மானத்தை எழுதவே ஆரம்பித்துவிட்டார். தங்கப்பன் வாசலில், தலையில் கட்டோடு, கூட்டம் முடிந்ததும் மடக்கி வைக்க நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார். போகச் சொன்னால் அப்படியே போய்விடத் தன் துணிமணிப் பையையும் கையோடு கொண்டுவந்திருந்தார், அக்கா. அதைப் பார்த்தபின் எனக்கு வாளும் நினைவில்லை, சட்டமும் நினைவில்லை. டாக்டர் பேச்சை மீறி ஒரே சொல் சொன்னேன்.

“இருக்கட்டு.”

அதற்காக நான் கட்சி மாறிவிட்டேன் என்று ஜெஸ்பின் ஊரெல்லாம் சொல்கிறாள். நம்ப வேண்டாம். என் கொள்கை கொள்கைதான், கல்லில் வெட்டியது. ஓமனா தினமும் தங்கப்பனுக்குச் சோறு கொடுத்துவிடுகிறாள், முள் எடுத்த மீனோடு. அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லவும். ஆண்டவர் உங்கள் முட்டுக்குப் பலம் தருவாராக.

இப்படிக்கு,
தம்பி ஜான்ரோஸ்

பி.கு.: அடுத்த மாதம் நாகர்கோவிலில் இதே தலைப்பில் பெரிய பட்டிமன்றம். தூக்கை எதிர்த்துப் பேச என் பெயரைக் கொடுத்துவிட்டேன், ஓமனாவுக்கு இன்னும் தெரியாது. சிக்கல் அதுவல்ல. தூக்கு வேண்டும் என்று பேச ஆளில்லாமல் போக, தங்கப்பன் பெயர் கொடுத்திருக்கிறார். மேடையில் அவர் முகத்தைப் பார்த்து என்ன பேசுவேன்? ஏதாவது தோன்றினால் உடனே எழுதவும்.