திருட்டில்லா நாட்டின் காவல் சாவடி

திருட்டே இல்லாத நாடு ஒன்று இருந்தது. திருடர்கள் இருந்தார்கள், அது வேறு விஷயம்.

செந்நிறை என்ற அந்த நாட்டின் மன்னருக்கு ஊர்க்காவலுக்குக் கைகொடுக்க வேண்டும் என்று ஆசை வந்தது. திருட்டுப் புகாரே எழுதாத சாவடிக்குப் புதுக் குதிரைகள், வெள்ளித் தடி, அதிகாரிக்குப் பட்டுத் தலைப்பாகை பரிசு என்று ஆணையிட்டார். அதுவரை எப்போதாவது திருடனைத் துரத்திய காவலர்கள், மறுநாள் முதல் புகார் கொடுக்க வந்தவர்களைத் துரத்தினார்கள். ஓடாதவர்களிடம் பேரம் பேசினார்கள்.

சந்தையூரில் செக்கு ஓட்டும் பேச்சாயியின் இரண்டு காளைகளையும் யாரோ பட்டப்பகலில் ஓட்டிப் போனார்கள். காளை இல்லாமல் செக்கு சுற்றாது. அவளுக்கு வேறு பிழைப்பும் கிடையாது. சாவடிக்கு ஓடினாள்.

"ரெண்டு காளையா? ரொம்ப அதிகம்மா," என்றார் அதிகாரி வாகைமாறன். "ஒண்ணுன்னு வச்சுக்குவோம்."

"போனது ரெண்டுங்க, ஐயா."

"சரி, உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். ஒரு கன்னுக்குட்டி. அதுவும் தானா மேயப் போச்சு."

"கத்திரிக்காய்க் கடையிலகூட இம்புட்டுக் குறைச்சுக் கேக்க மாட்டாங்களே, ஐயா!"

கடைசியில் ஒரு கயிறு அறுந்ததாகப் பேரம் படிந்தது. அதையும் அவர் எழுதவில்லை.

பரிசளிப்பு விழாவுக்கு மன்னர் சந்தைத் திடலுக்கே எழுந்தருளினார். பின்னால் காவல் மந்திரியின் வண்டி வந்தது. அதை இழுத்து வந்தவை பேச்சாயியின் காளைகள்.

"டேய் மயிலை!" என்றாள் கூட்டத்தில் நின்ற பேச்சாயி. இரண்டும் திரும்பின. நேரே போய் நுகத்தடியிலிருந்து அவிழ்த்தாள்.

"திருட்டு! பிடியுங்கள்!" என்று மந்திரி அலறினார்.

"எழுதிக்குங்க, ஐயா," என்றாள் பேச்சாயி அதிகாரியிடம். "ரெண்டு காளை. குறைக்காதீங்க."

வாகைமாறன் அவளைப் பார்த்தார். பக்கத்தில் கனைத்த புதுக் குதிரைகளைப் பார்த்தார்.

"இந்த ஊரில் திருட்டு நடப்பதில்லை, பிரபு," என்றார் பணிவாக. "காளைகள் தாமாக மேயப் போகின்றன."

கூட்டம் வியாபாரிகளின் கூட்டம். திருட்டை யாரும் எழுத மாட்டார்கள் என்பதை அவர்களுக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெள்ளித் தடி போயிற்று. குதிரைகள் போயின. மந்திரியின் வண்டியை நாலு பேர் தள்ளிக்கொண்டே போனார்கள். பேச்சாயி எதையும் தொடவில்லை. அவளுக்குச் செக்கில் வேலை கிடந்தது.

பொழுது சாயும் முன் மன்னர் வெறுந்தலையோடு சாவடிக்கு வந்தார்.

"நம் கிரீடம் களவு போய்விட்டது!"

மிஞ்சியிருந்த பட்டுத் தலைப்பாகையைச் சரிசெய்தபடி வாகைமாறன் இருக்கையைத் துடைத்துப் போட்டார்.

"முழுக் கிரீடமா? ரொம்ப அதிகம், மன்னா. ஒரு கல் கழன்று விழுந்தது என்று வைத்துக்கொள்வோமே."