கணீர்க் குரலுக்கு ஒரு திருத்தம்

அன்புள்ள மருமகளுக்கு,

தாய்மாமன் ஆசி கூறி எழுதுவது. இங்கு என் உடம்பில் முழங்காலைத் தவிர மற்றவை நலம். அங்கு நீயும் உன் வீட்டுக்காரரும் அம்மாவும் நலமென்றே வைத்துக்கொள்கிறேன். நலமில்லையென்றால் உடனே எழுது. ஆனால் அதற்காக இந்தக் கடிதத்தில் உள்ளதை நான் மாற்றிக்கொள்வேன் என்று நினைக்காதே. உன் அப்பாவின் நலத்தை நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கவில்லை என்பதை அவரிடம் சொல்லலாம்.

அவருடைய எண்பதாவது பிறந்தநாள் மலருக்காக நீ எழுதிய வாழ்க்கைக் குறிப்பு வந்து சேர்ந்தது. "மாமா, தப்பு ஏதாவது இருந்தா திருத்திக் குடுங்க, உங்க போட்டோ ஒண்ணும் அனுப்புங்க" என்று ஓரத்தில் எழுதியிருந்தாய். பிறந்த வருடம் சரி. சட்டமன்றத்துக்கு ஐந்து முறை நின்றார், மூன்று முறை வென்றார், இரண்டு முறை தோற்றார் என்பதும் சரி. அதற்கு அடுத்த வரியில் "தமது கணீர்க் குரலால் மக்களைக் கட்டிப்போட்டவர்" என்று போட்டிருக்கிறாயே, அங்கேதான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். மருமகளே, கல்யாணமாகிப் போகிறவரை அந்த மனிதரோடு ஒரே வீட்டில் இருந்தவள் நீ. சாப்பிட வா என்று அவர் கூப்பிட்டது ஒருநாளாவது அடுத்த அறைக்குக் கேட்டிருக்கிறதா? அந்தக் கணீர்க் குரல் என்னுடையது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எழுத உனக்கும் இருக்கக் கூடாது.

உன் அப்பா குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர் என்பது உனக்குத் தெரியும். எந்தத் தெருவில் குழாய் வராவிட்டாலும் தானே போய் நின்று பார்ப்பார். அதைப் பார்த்துத்தான் கட்சிக்காரர்கள் அவருக்குச் சீட்டுக் கொடுத்தார்கள். வேட்புமனுத் தாக்கல் அன்று ஊர்வலத்தில் கூட்டத்தோடு சேர்ந்து தன் பெயருக்குத் தானே வாழ்க என்று கத்திவிட்டார், பழக்கமில்லாத மனிதர். மறுநாள் காலையில் தொண்டை அடைத்துக்கொண்டது. பிரசாரம் முடிகிறவரை வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் அம்மா என் மைக் செட் கடைக்கு வந்து, "அண்ணா, இவரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் ஒதுங்கியவனில்லை. பேசக் கற்றது ரேடியோச் செய்தி வாசிப்பவரோடு கூடவே சொல்லிச் சொல்லித்தான். ஜீப்பின் பின்பக்கம் ஆம்ப்ளிஃபயரோடு நான் கீழே மறைவாக உட்கார்ந்துகொண்டேன். மேலே நின்ற உன் அப்பா கையில் ஒரு மைக்கைக் கொடுத்தேன். அதன் ஒயர் எங்கும் போகாது, சீட்டுக்கடியில் சுருட்டிச் சொருகியிருந்தது. நான் பேச ஆரம்பிக்கும்போது அவர் கணுக்காலை ஒரு தட்டு தட்டுவேன், வாயசைப்பார். நிறுத்தும்போது இரண்டு தட்டு, கும்பிடுவார். ஊர் உன் அப்பாவின் முகத்தைப் பார்த்தது. நான் பார்த்ததெல்லாம் கணுக்கால்தான். அந்தத் தேர்தல் முழுக்க அவர் ஒரே செருப்பைத் தைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கும் செருப்புத் தைத்தவருக்கும் மட்டுமே தெரியும்.

என்ன நாட்கள் அவை. சூடான ஆம்ப்ளிஃபயரின் வாசனை, அதன் மேல் வைத்தால் ஆறாமல் இருக்கும் உன் அம்மாவின் சாப்பாட்டுப் பொட்டலம், ஜீப் திரும்பும்போதெல்லாம் குழாய் ஒலிபெருக்கியிலிருந்து கிளம்பிச் சுவரில் மோதித் திரும்பி வரும் என் சத்தம். ஒருநாள் ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள தெருவில் எனக்கு யாரோ டீ கொடுத்தார்கள். மைக்கை அணைக்க மறந்து, "ஏம்ப்பா, சர்க்கரை இவ்வளவு கம்மியாவா போடுவாங்க?" என்று கேட்டுவிட்டேன். தெரு முழுக்க அலறியது. உன் அப்பா மேலே நின்று என்ன செய்வதென்று தெரியாமல் கையை விரித்துக்கொண்டு வாயசைத்திருக்கிறார். அந்தத் தெரு ரேஷன் கடையில் அப்போது சர்க்கரை குறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்களாம். கைதட்டல் நிற்கவே இல்லை. "நம்ம கஷ்டம் தெரிஞ்ச மனுஷன்டா" என்றார் ஒருவர். அந்தத் தெருவில் மொத்த வாக்கும் நமக்கு. சட்டமன்றத்தில் உன் அப்பா கேட்ட முதல் கேள்வியே சர்க்கரை பற்றித்தான். நீ எழுதியிருக்கிறாயே, "சிறு வயது முதலே உணவுப் பிரச்சினையில் அக்கறை கொண்டவர்" என்று. அந்த அக்கறை என் டீயில் பிறந்தது.

ஜெயித்ததற்கு நன்றி சொல்லும் கூட்டத்தில் அவர் சொந்தக் குரலில் பேசினார். முன்வரிசையில் இருந்தவர்களே காதுக்குக் கை வைத்தார்கள். "பாவம், நமக்காகக் கத்திக் கத்தித் தொண்டையைத் தேச்சுக்கிட்டாரு" என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் மேடைக்குப் பின்னால் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தேர்தலில் உன் அப்பாவுக்கு ஞானம் வந்துவிட்டது. "மச்சான், இந்தத் தடவை நானே பேசுறேன். ஜனங்களுக்கு என்னைத் தெரியட்டும்" என்றார். பேசினார். ஆற்றுப் பாலம் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "மூணு வாட்டி கேட்டேங்க, குடுக்கலை" என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். உலகத்தில் எந்த வேட்பாளராவது அப்படிச் சொல்வாரா? தோற்றார். மூன்றாவது தேர்தல் வந்தது. உன் அம்மா வந்து கேட்டாள். அவரே வந்து கேட்டால்தான் என்றேன். வந்தார். கடை வாசலில் நின்றுகொண்டு வேறெங்கோ பார்த்தபடி, "ஒரு மைக் செட் வாடகைக்கு வேணும்" என்றார்.

"செட் மட்டும் போதுமா மாப்பிள்ளை, ஆளும் வேணுமா?"

"ஆளோட வந்தாத்தான் செட் நல்லா இருக்கும்னு உங்க தங்கச்சி சொல்றா."

மூன்றிலும் நான்கிலும் வென்றோம். வென்றோம் என்றுதான் எழுதுகிறேன், அடித்துவிடாதே. நான்காவதில் எனக்குக் கொஞ்சம் உற்சாகம் கூடிவிட்டது உண்மை. கூட்டத்தின் கால்களைப் பார்க்கப் பார்க்க வாய் நிற்கவில்லை. "நான் பாலம் கட்டித் தருவேன், கல்லூரி கொண்டுவருவேன்" என்று சொல்லிக்கொண்டே போனேன். மேலேயிருந்து உன் அப்பா செருப்புக் காலால் என் தோளில் உதைத்தார். எம்.எல்.ஏ. காலால் உதைபட்டவன் இந்தத் தொகுதியிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். ஆனால் அடுத்த ஐந்து வருடமும் நான் சொன்னதற்காக அவர் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். பாலம் வந்தது. கல்லூரியும் வந்தது. உன் அம்மா அப்போது சொல்வாள், "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் ஒரு முழு ஆளு."

ஐந்தாவதைப் பற்றி நீ ஒரே வரி எழுதியிருக்கிறாய், "சொற்ப வாக்குகளில் வெற்றியை இழந்தார்" என்று. நடந்ததைச் சொல்கிறேன். கிளம்பும்போதே, "மச்சான், இந்தத் தடவை எதையும் தர்றேன்னு சொல்லாதீங்க. எனக்கு முன்ன மாதிரி ஓட முடியலை" என்றார். சரி என்றேன். சந்தைத் தெருவில் ஒரு கர்ப்பிணிப் பெண் வெயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எப்படி வாய் சும்மா இருக்கும்? பிரசவ ஆஸ்பத்திரி வரும் என்றேன். உன் அப்பா கீழே குனிந்தார், என் மைக் ஒயரைப் பிடுங்கினார், நிமிர்ந்து, "அது நான் சொன்னதில்லீங்க. என்னால முடியாது" என்றார். முன்னால் நின்ற நாலு பேருக்குத்தான் கேட்டது. பின்னால் இருந்தவர்கள் "என்னவாம்?" என்று கேட்க, ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி, தெருக் கோடிக்குப் போகும்போது அவர் தேர்தலிலிருந்தே விலகிவிட்டார் என்று ஆகிவிட்டது. நான் அங்கேயே இறங்கி வீட்டுக்கு நடந்தேன். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. அவர் சொன்னது சரியா தப்பா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. தொழில்காரன் ஓட்டிக்கொண்டிருக்கும் செட்டில் ஒயரைப் பிடுங்கக் கூடாது. நாளைக்கும் இதையேதான் சொல்வேன்.

ஆகவே என் முடிவு இது. "கணீர்க் குரல்" என்ற வரியை எடுத்துவிட்டு, "இவர் வென்ற மூன்று தேர்தல்களிலும் ஒலித்த குரல் இவருடைய மச்சானுடையது" என்று தடித்த எழுத்தில் போடு. போட்டால் போட்டோ அனுப்புகிறேன், விழாவுக்கும் வருகிறேன், பின்வரிசையில் உட்காரவும் தயார். போடாவிட்டால் வரமாட்டேன். நீ அழுதாலும் வரமாட்டேன். உன் அம்மா வந்து அழைத்தாலும் அப்படித்தான்.

உன் பிள்ளைகள் சத்தமாகப் படித்து, சத்தமாகச் சிரித்து, நீடூழி வாழட்டும். உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பைச் சொல்.

இப்படிக்கு,
குரலுக்குச் சொந்தக்காரனான உன் தாய்மாமன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுக் கடைக் கதவைச் சாத்தப் போனால், உன் அப்பா ஆட்டோவிலிருந்து தனியாக இறங்குகிறார். "மச்சான், உள்ள வரலாமா" என்றதை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன், அந்த அளவுக்குத் தொண்டை போய்விட்டதே, எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை? நாற்காலி போட்டேன். நீ எழுதியதை அவரும் பார்த்தாராம். விழா மேடையில் ஏறியதும் முதல் வேலையாக, அது மச்சானின் குரல் என்று எல்லோருக்கும் சொல்லப் போகிறாராம், மலரிலும் அப்படியே போட வேண்டுமாம். எனக்கு வந்ததே கோபம். "உங்களை யாரு சொல்லச் சொன்னது? பாலம் பாலம்னு நான் கத்தினேன், கொண்டுவந்தது யாரு? வெறும் சத்தத்துக்கா ஓட்டுப் போட்டாங்க?" என்றேன். "இல்ல மச்சான், உண்மைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்கிறார். "உங்க உண்மையால ரெண்டு தேர்தல் தோத்தது போதும் மாப்பிள்ளை" என்றேன்.

உறையைக் கிழித்து இதைச் சேர்க்கிறேன். மேலே உள்ள எதையும் கணக்கில் எடுக்காதே. கணீர்க் குரல் அவருடையதுதான், ஊரே அதற்குச் சாட்சி. அந்த வரியில் ஒரு எழுத்தை மாற்றினாலும் நான் விழாவுக்கு வரமாட்டேன். மாற்றாவிட்டால் அவர் வரமாட்டாராம். நான் ஒத்துக்கொள்ளும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போவதில்லையாம். நானும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. இதை அந்த ஆட்டோக்காரரிடமே கொடுத்தனுப்புகிறேன், காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மாவிடம் சொல்லிவிடு, அவருக்குச் சாப்பாடு இங்கேதான்.