தலகாணி புரோக்கரும் எங்கள் கிரைண்டரும்

ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில் விலைக்கு வந்த வீடுகளில் தலகாணி புரோக்கர் தூங்காத வீடு என்று ஒன்று கிடையாது. கட்டியவர் தூங்கியிருக்க மாட்டார், வாங்கியவர் மாதத் தவணையை நினைத்துத் தூங்கியிருக்க மாட்டார், இவர் தூங்கியிருப்பார். அப்பார்ட்மென்ட், தனி வீடு, மாடி போர்ஷன் என்று எதையும் விட்டுவைத்ததில்லை. அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. என் போனில் இன்றைக்கும் ‘தலகாணி’ என்றுதான் இருக்கிறது.

மற்ற புரோக்கர்கள் சாவிக்கொத்தோடு வருவார்கள். இவர் ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் பூப்போட்ட உறையோடு ஒரு தலையணை இருக்கும். கிச்சனில் எத்தனை ஷெல்ஃப், பாத்ரூமில் என்ன டைல்ஸ் என்றெல்லாம் பார்க்க மாட்டார். நேரே ஹாலுக்குப் போவார், தலையணையைப் போடுவார், மல்லாந்து படுப்பார். தூக்கம் வந்தால் நல்ல வீடு. வராவிட்டால் எழுந்து தலையணையைத் தட்டிக்கொண்டு, “வேணாம் தம்பி, வா போலாம்” என்பார், வீட்டுக்காரரை எதிரில் வைத்துக்கொண்டே.

“வீட்ல இன்னா பண்றோம்? சமைக்கிறோம், சண்ட போட்றோம், தூங்குறோம். மொத ரெண்ட வாடக வீட்லயே பண்ணிக்கலாம். தூங்கறதுக்குத்தான் சொந்த வீடு” என்பது அவருடைய தொழில் கொள்கை. இந்தக் கொள்கையோடு ஒருவர் எப்படிப் பிழைத்தார் என்று கேட்காதீர்கள். நானும் கேட்டதில்லை.

அவரிடம் நாங்கள் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு கிரைண்டர். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி சூப்பர்வைசர். மனைவி எஸ்தர் வேலூரில் நர்ஸ். கல்யாணமானதிலிருந்து வாடகை வீடு மாற்றி மாற்றியே எங்கள் முதுகு வளைந்துவிட்டது. அதில் பாதி வளைவு மாமனார் சீராகக் கொடுத்த கிரைண்டரால் வந்தது. மோட்டாரும் கல்லுமாக அதை மாடி ஏற்றி முடிப்பதற்குள் அந்த வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்லிவிடுவார். கடைசியாக இருந்த வீட்டின் ஓனரும் அப்படித்தான், மகன் துபாயிலிருந்து வருகிறான், பொங்கலுக்குள் காலி பண்ணுங்கள் என்றார். அன்று எஸ்தர் கிரைண்டர் முன்னால் நின்றுகொண்டு தீர்ப்பு சொன்னாள்.

“இன்னொரு தபா இத தூக்குனா அது நம்ம சொந்த வீட்டுக்குத்தான். இல்லன்னா நீங்களும் கிரைண்டரும் எங்க வேணா போங்க, நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்.”

அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை.

எங்களைப் போல முதல் வீடு தேடும் இளசுகள் அப்போது ஊருக்குள் ஏகப்பட்ட பேர். தையல் செக்‌ஷன் பையன்களிலிருந்து லேப் டெக்னீஷியன் வரை எல்லார் போனிலும் வீட்டு விளம்பரம்தான். புது ரோடு வரப்போகிறது என்று டீக்கடையில் யாராவது சொன்னால் போதும், டீ ஆறுவதற்குள் அந்தப் பக்கம் விலை ஏறிவிடும். ‘பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்தே நிமிடம்’ என்பதை நம்பி ஒரு வீட்டுக்குப் போனேன். நடுவில் ரயில்வே கேட். கேட் திறந்து நான் போய்ச் சேர்ந்தபோது விலை மாறியிருந்தது.

தலகாணி எங்களுக்குக் காட்டிய முதல் வீடு பாகாயம் பக்கம் ஒரு புது ஃப்ளாட். பில்டரின் ஆள் டை கட்டிக்கொண்டு மாடுலர் கிச்சனை விளக்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் நம்மாள் ஹாலில் மல்லாந்து கிடக்கிறார். “சார், சாருக்கு இன்னா ஆச்சு?” என்று அந்த ஆள் பதறி, தண்ணீர் தெளிக்கப் போனார். புரோக்கர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, “லிஃப்ட்டு ஏறி எறங்குற சத்தம் முதுகுல கேக்குது. வேணாம்” என்றார்.

இரண்டாவது பேரணாம்பட்டு ரோட்டில் ஒரு வீடு. அங்கே குடும்பமே உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கும் டிவிக்கும் நடுவில் போய்ப் படுத்துவிட்டார். அந்த வீட்டு அம்மா பாவம், யாரோ மயங்கி விழுந்துவிட்டார் என்று விசிறியெல்லாம் எடுத்து வந்து வீசினாள். பக்கத்துக் கம்பெனியில் சங்கு ஊதியதும் இவர் திடுக்கென்று எழுந்து, அந்த அம்மா கொடுத்த டீயை நிதானமாகக் குடித்து முடித்து, “பேஜாரான எடம்மா, நீங்க எப்டித்தான் இருக்கீங்களோ” என்றார். வாசலுக்கு வருவதற்குள் டம்ளர் பின்னால் பறந்து வந்தது.

மூன்றாவதுதான் எங்கள் மானத்தை வாங்கிய வீடு. ஆம்பூருக்குள்ளேயே, விலை கம்மி, இடம் ஜாஸ்தி, தண்ணீர் நிறைய. புரோக்கர் குறட்டையே விட்டார். நான் ஆகாயத்தில் மிதந்தேன். எஸ்தரைப் பெருமையோடு கூட்டிப் போனேன். கேட்டருகிலேயே அவள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னாங்க இது நாத்தம்?”

“நாத்தமா?” என்று நானும் புரோக்கரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேரும் ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. காம்பவுண்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால், வரிசையாகப் பச்சைத் தோல் இறங்கிக்கொண்டிருக்கிறது. தோல் ஷாப்பு, தோல் பதனிடுகிற இடம். புரோக்கர் சின்ன வயதில் இப்படி ஒரு ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர். நான் பிறந்ததே அந்தக் காற்றில். எங்கள் இருவர் மூக்கும் என்றைக்கோ ராஜினாமா செய்துவிட்டதை அன்றுதான் கண்டுபிடித்தோம்.

“எம் மூக்கு போச்சு, சரி. உம் மூக்குமா தம்பி போச்சு?” என்றார் உண்மையான வருத்தத்தோடு. அதன் பிறகு ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது. எஸ்தர் மோந்து பார்ப்பாள், அவர் தூங்கிப் பார்ப்பார், நான் ஸ்கூட்டரைப் பார்த்துக்கொள்வேன்.

பொங்கல் நெருங்கியது. ஓனர் தினமும் மாடிக்கு வந்து மகனுக்குக் கட்டில் எங்கே போடலாம் என்று எங்கள் கட்டிலில் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தார். எஸ்தர் அவள் அம்மாவோடு போனில் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தாள். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

அப்போதுதான் பள்ளிகொண்டா பக்கம் அந்த வீடு வந்தது. சின்ன வீடு. பின்னால் வேர்க்கடலை வயல். அவளுக்கு வேலூர், எனக்கு ஆம்பூர், இரண்டு பேருக்கும் பஸ் வசதி. வீட்டுக்காரர் ரிட்டயரான ஒரு டீச்சர், சென்னையில் மகளோடு போய் இருக்கப்போகிறார். எஸ்தர் ஒவ்வொரு அறையாகப் போய் மோந்தாள். “பக்கத்து வீட்ல மீன் கொழம்பு. வேற ஒண்ணும் இல்ல” என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக. புரோக்கர் ஆம்பூரில் வயிறு நிறைய பிரியாணி சாப்பிட்டு வந்திருந்தார். படுத்தார். அசையவே இல்லை.

அந்த நேரம் பார்த்து டீச்சர் சங்கடமாகச் சொன்னார். “பெங்களூரு பார்ட்டி ஒண்ணு சாயந்தரம் வருதுப்பா. கையில ரெடியா பணம் வெச்சிருக்காங்க. வாங்கிப் பூட்டி வெச்சிட்டு, வெல ஏறுனா விப்பாங்களாம். உங்களுக்கு பேங்க் லோன் லெட்டரே இன்னும் வரல. நான் இன்னா பண்றது சொல்லு.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டார். எஸ்தருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கை சும்மா இருக்காதே, நர்ஸ் இல்லையா. அங்கிருந்த வெள்ளைப் போர்வையை எடுத்துப் புரோக்கருக்குக் கழுத்து வரை போர்த்தி, காலை நேராக்கி, ஓரத்தை மடித்துச் செருகினாள். டீச்சர் எட்டிப் பார்த்து, “கொசு கடிக்கும் பாவம். கொசுவத்தி தீந்துபோச்சு, இதாவது எரியட்டும்” என்று தலைமாட்டில் நாலைந்து ஊதுவத்தியை ஏற்றி வைத்தார். நாங்கள் இரண்டு பக்கமும் கையைக் கட்டிக்கொண்டு, கை நழுவிப் போகிற வீட்டை நினைத்துத் தலை குனிந்து நின்றோம்.

பெங்களூருக்காரரும் அவர் மனைவியும் காரிலிருந்து இறங்கி உள்ளே வந்தது அந்த நேரத்தில்தான்.

வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அவர் மெதுவாக ஷூவைக் கழற்றினார். என் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்து, “எப்போ?” என்றார்.

“மத்தியானம் சார். பிரியாணி சாப்ட்டு வந்து படுத்தாரு. இன்னும் எந்திரிக்கல.”

“குடுத்து வெச்சவரு” என்றார்.

“ஆமா சார். எந்த வீட்டுக்குப் போனாலும் இவரு இப்டித்தான்” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். கும்பிட்டுவிட்டு இருவரும் பின்பக்கமாகவே நடந்து வெளியே போனார்கள். கார் ரிவர்ஸ் எடுத்த சத்தத்தில்தான் புரோக்கர் எழுந்து உட்கார்ந்து, ஊதுவத்தியைப் பார்த்து, “இன்னா தம்பி, பூஜயா?” என்றார்.

டீச்சர் நல்ல மனுஷி. விஷயம் புரிந்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர்களுக்குப் போன் செய்தார். “சார், நீங்க நெனச்சா மாதிரி இல்ல. அவரு எந்திரிச்சுட்டாரு. டீ குடிச்சிட்டிருக்காரு. திரும்பி வாங்க.”

போன் கட்டாகிவிட்டது. அதன் பிறகு அவர்கள் எடுக்கவே இல்லை.

டீச்சர் சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “இந்த வீட்ல இப்டி சிரிச்சு எவ்ளோ நாளாச்சு. போங்க, பூட்டி வெக்கிறவங்களுக்கு எதுக்கு வீடு? உங்க லெட்டர் வர்ற வரைக்கும் நான் இருக்கேன்” என்றார். பொங்கலுக்கு முன்னால் கிரைண்டர் சொந்த வீட்டில் இறங்கியது. அன்றைக்கு அது கனக்கவே இல்லை.

வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்தில் எல்லாரும் கண்ணை மூடினோம். ஆமென் சொல்லித் திறந்தபோது புரோக்கர் மட்டும் திறக்கவில்லை. எஸ்தர் சாப்பாடு போட்டுக்கொண்டே, “உங்க வீடு எங்கண்ணா?” என்று கேட்டாள். அப்போதுதான் தெரிந்தது. வேலூர் லாங் பஜாரில் ஒரு கடைக்கு மேலே வாடகைக்கு ஒற்றை ரூம். கீழே தள்ளுவண்டிகளும் ஹாரன்களும் நாள் முழுக்க ஓயாது.

“நீங்களும் ஒண்ணு வாங்கியிருக்கலாமே” என்றேன்.

“வாங்கலாம்னுதான் பாத்தேன் தம்பி. படுக்கும்போது ஒரு வெல, எந்திரிக்கும்போது ஒரு வெல. நமக்கு சரிப்படல” என்று சிரித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். “வாங்கிக் குடுத்தா ஆச்சா? அப்பப்ப செக் பண்ண வேணாமா?” என்று தலையணையோடு உள்ளே வந்தார். அன்றிலிருந்து எல்லா ஞாயிறும் செக்கிங் நடக்கிறது. இப்போதெல்லாம் அவர் தலையணை கொண்டு வருவதில்லை. எஸ்தர் அவருக்கென்று ஒன்று வாங்கி, பூப்போட்ட உறை தைத்து வைத்திருக்கிறாள்.

வேலைக்குப் போகிற எங்களுக்கு வாரத்துக்கான இட்லி மாவு அரைக்க ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் நேரம். மாவு தீர்ந்து திங்கட்கிழமை பட்டினி கிடந்தாலும் கிடப்போம். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் கிரைண்டர் ஓடாது.